பதின்வயதுப் பிள்ளைக்கு கேமிங் கம்ப்யூட்டர்: அளவான செலவில் சரியானதை வாங்க முழுமையான வழிகாட்டி

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் பெற்றோர் பலரும் முதலில் கேட்பது, "ஐ5 போதுமா, ஐ7 வாங்கணுமா?" என்பதைத்தான். ஐ5, ஐ7 என்பவை இன்டெல் பிராசசர் வகைகள். கேமிங்கைப் பொறுத்தவரை இது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. பிள்ளை என்ன கேம் ஆடப் போகிறது, எந்த மானிட்டரில் ஆடப் போகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகளை எடுப்பது எளிது. அது தெரியாமல் கடைக்குப் போனால் மின்னும் விளக்குக்கும் பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் பணம் போய்விடும். கேமை உண்மையில் ஓட்டுகிற பாகத்தில் கை சுருங்கிவிடும்.

பாகங்களின் விலை நிலையாக இருப்பதில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அதனால் இங்கே தொகையைச் சொல்லாமல், மொத்தச் செலவில் எதற்கு எவ்வளவு பங்கு என்று சொல்கிறேன். உங்கள் பட்ஜெட் எதுவானாலும் இந்தக் கணக்கு பொருந்தும்.

படி 1: பிள்ளையோடு உட்கார்ந்து கேம் பட்டியல் எழுதுங்கள்

இப்போது ஆடுகிற கேம்கள், நண்பர்கள் ஆடுகிற கேம்கள், அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ஆட ஆசைப்படுகிற கேம்கள் என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான பட்டியல்கள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

வாலரன்ட், ராப்லாக்ஸ், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், சாதாரண மைன்கிராஃப்ட் ஆகியவை லேசானவை. சுமாரான மெஷினிலேயே ஓடும். ஃபோர்ட்நைட், அபெக்ஸ் லெஜண்ட்ஸ், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 நடுத்தரம். ஓடுவதற்கு அதிகம் கேட்காது, ஆனால் போட்டியாக ஆடும் பிள்ளைக்கு நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) தேவைப்படும். ஹாக்வார்ட்ஸ் லெகசி, சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை கேம்கள் கனமானவை. கிராஃபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுப்பவை இவைதான்.

மைன்கிராஃப்டைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். வெறும் மைன்கிராஃப்ட் லேசானதுதான். ஆனால் ஷேடர் (ஒளி, நிழலை அழகாக்கும் சேர்க்கை) போட்டால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை பல மடங்கு கூடும். பெரிய மாட்பேக் (கேமை மாற்றும் சேர்க்கைகளின் தொகுப்பு) போட்டால் ரேம் விறுவிறுவென்று தீரும். "மைன்கிராஃப்ட்தானே" என்று நினைத்து ரேமைக் குறைத்து வாங்கினால் பிள்ளை சில வாரங்களிலேயே மறுபடி வந்து நிற்கும்.

கேம் விற்கும் ஸ்டீம் போன்ற தளங்களில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே இரண்டு பட்டியல்கள் இருக்கும்: குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை. இரண்டாவதைப் பாருங்கள். முதலாவது கேம் திறந்து ஓடும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், ரசித்து ஆடலாம் என்பதற்கு அல்ல.

அந்த நேரத்திலேயே வயது வரம்பையும் பார்த்துவிடலாம். ஈஎஸ்ஆர்பி என்ற வயதுக் குறியீட்டு முறையில் டி என்றால் 13 வயதுக்கு மேல், எம் என்றால் 17 வயதுக்கு மேல். சைபர்பங்க் எம் வகை. பிள்ளைக்கு 13 வயது என்றால் இந்தப் பேச்சை கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. கனமான கேம் பட்டியலிலிருந்து போனால் பட்ஜெட்டும் குறையும்.

படி 2: மானிட்டரை இப்போதே முடிவு செய்யுங்கள்

கடைசியில் மிஞ்சின காசில் மானிட்டர் வாங்குவதுதான் வழக்கம். அதை மாற்றுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை மானிட்டர்தான் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் ஏறக்குறைய 20 லட்சம் பிக்சல்கள் (படப் புள்ளிகள்). 1440பி திரையில் 37 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது 1080பியைப் போல நான்கு மடங்கு. திரையில் பிக்சல் கூடக் கூட அதை நிரப்பும் கார்டின் விலையும் கூடும்.

அளவான பட்ஜெட்டுக்கு என் பரிந்துரை 24 அங்குல 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) மானிட்டர், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறுவது) அல்லது அதற்கு மேல். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் மாற 16.7 மில்லிசெகண்ட் ஆகும். 144 ஹெர்ட்ஸில் அது 7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஷூட்டிங் கேம் ஆடும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். வீட்டில் டிவியோ பழைய மானிட்டரோ இருந்தால் சில மாதம் அதை வைத்து ஓட்டிக்கொண்டு, அந்தப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதும் நல்ல வழிதான்.

படி 3: டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?

ஒரே இடத்தில் இருந்து ஆடப் போகிறது என்றால் டெஸ்க்டாப். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதே பணத்துக்கு அதிக வேகம் கிடைக்கும், சூடு குறைவு, ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம், மூன்று வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றிப் புதுப்பிக்கலாம். லேப்டாப்பில் ரேமும் எஸ்எஸ்டியும் (கேம்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) மாற்ற முடிந்தாலே பெரிது. கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, இரண்டு வீட்டுக்கு இடையே போய்வரும் பிள்ளை என்றால் லேப்டாப்தான் வேண்டும். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: லேப்டாப் கார்டின் பெயரும் டெஸ்க்டாப் கார்டின் பெயரும் ஒன்றாக இருக்கலாம், சரக்கு ஒன்றல்ல. என்விடியாவின் கார்டை எடுத்துக்கொண்டால், டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070இல் 12 ஜிபி நினைவகம், லேப்டாப் 4070இல் 8 ஜிபி. அதைவிட முக்கியம் வாட் கணக்கு. லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060க்குத் தயாரிப்பாளர் 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்கலாம். மெல்லிய லேப்டாப்பில் குறைவான வாட்டில் கட்டிப்போட்ட 4060, நல்ல குளிரூட்டல் உள்ள தடிமனான லேப்டாப்பின் 4050க்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும். விவரப் பட்டியலில் டிஜிபி (கார்டுக்கு ஒதுக்கிய வாட்) என்ற எண்ணைத் தேடுங்கள். அது இல்லையென்றால் அந்த மாடலைச் சோதித்துப் பார்த்தவர்களின் விமர்சனத்தைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கம்ப்யூட்டரே வாங்காத வழியும் உண்டு. ஜிஃபோர்ஸ் நவ் போன்ற கிளவுட் சேவையில் கேம் தொலைவிலுள்ள சர்வரில் ஓடி, படம் மட்டும் வீட்டுக்கு வரும். 1080பியில் 60 ஃபிரேம் ஆட 25 எம்பிபிஎஸ் இணையம் வேண்டும், அதுவும் தடுமாறாத இணையம். கதை கேம்களுக்குப் பரவாயில்லை. வாலரன்ட் மாதிரி நொடியில் முடிவாகும் கேம்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

படி 4: பணத்தைப் பங்கு போடுங்கள்

முதலில் கேபினெட்டுக்கு வெளியே இருப்பதையெல்லாம் கழித்துவிடுங்கள்: மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ் லைசென்ஸ், மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் யுபிஎஸ். இவற்றை மறந்துவிட்டுப் போட்ட பட்ஜெட் எல்லாமே கடைசி நாளில் உடையும். மீதமுள்ளதில் 35 முதல் 40 சதவீதம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. பிராசசரும் மதர்போர்டும் சேர்ந்து 30 சதவீதத்துக்குள். மற்றதில் ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட்.

விற்பனைக்கு இருக்கும் ரெடிமேட் கேமிங் பிசிகளை இந்தக் கணக்கை வைத்தே எடைபோடலாம். பெரிய பிராசசர், சின்ன கிராஃபிக்ஸ் கார்டு, பெயர் சொல்லாத பவர் சப்ளை என்று இருந்தால் அதைத் தாண்டிப் போங்கள்.

படி 5: கிராஃபிக்ஸ் கார்டு

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

1080பிக்கு இன்று 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு என்பது தொடக்க எல்லை. 4 ஜிபி, 6 ஜிபி கார்டுகள் லேசான கேம்களுக்கு மட்டும். புதியதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580 ஆகியவற்றைச் சுற்றித்தான் தேட வேண்டியிருக்கும். முந்தைய தலைமுறை ஆர்டிஎக்ஸ் 4060 நல்ல விலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். 115 வாட்தான் இழுக்கும், சின்ன பவர் சப்ளையிலேயே ஓடும்.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதைக் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 8 ஜிபியிலும் வருகின்றன, 16 ஜிபியிலும் வருகின்றன. கனமான கேம் ஆடும் பிள்ளை, நாலைந்து வருடம் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்றால் 16 ஜிபிக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது. ஆர்டிஎக்ஸ் 3050லும் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு உண்டு. அதில் 6 ஜிபி கார்டு நினைவகத்தில் மட்டுமல்ல, வேகத்திலும் குறைந்தது. ஜிபியைச் சொல்லாமல் விளம்பரம் செய்கிறார்கள் என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஆர்க் பி580இல் 12 ஜிபி நினைவகம், விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் ரீசைஸபிள் பார் என்ற வசதி (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக விடுவது) மதர்போர்டில் இயங்க வேண்டும். பழைய பிராசசரோடு இணைத்தால் வேகம் கணிசமாகக் குறையும். பழைய மெஷினில் மாட்டுவதற்கு இதை எடுக்காதீர்கள்.

பழைய கார்டுகளில் ஜிடிஎக்ஸ் வரிசையைத் தவிர்க்கச் சொல்வேன். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 16 வரிசையில் ரே ட்ரேசிங்குக்கான (ஒளியின் பாதையைக் கணித்து வரையும் முறை) வன்பொருளே இல்லை. 2024 இறுதியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள் போல, அந்த வன்பொருள் இல்லாவிட்டால் ஆட முடியாத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆர்எக்ஸ் 6600, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 ஆகியவை செகண்ட் ஹேண்டில் நல்ல தேர்வுகள்.

விளம்பரத்தில் வரும் பெரிய பெரிய ஃபிரேம் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுபவை. அவை நல்ல வசதிதான், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஃபிரேம் ஜெனரேஷன் இடையிடையே செயற்கையாக ஃபிரேமைச் சொருகுகிறது. படம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் கை அசைவுக்குக் கிடைக்கும் பதிலின் வேகம் அதிகரிக்காது. அது இல்லாத எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

படி 6: பிராசசர், மதர்போர்டு

ஆறு கோர் (வேலை செய்யும் மையங்கள்), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). இந்த அளவு கேமிங்குக்கு அதற்கு மேல் தேவையில்லை. சிக்கனமாகப் போனால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 அல்லது இன்டெலின் ஐ5-12400எஃப். கொஞ்சம் கைக்கு வந்தால் ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் மாட்டும் இடம்) ரைசன் 5 7600 அல்லது 7500எஃப். ஏஎம்5க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதே மதர்போர்டில் பிறகு வேகமான பிராசசர் மாட்டலாம். ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம்தான் போடமுடியும். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் டிடிஆர்4 போடும் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 இன்னும் அர்த்தமுள்ளதாகவே இருக்கிறது.

"ஐ7" என்ற எழுத்தைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். ஐ7-7700 ஒரு காலத்தில் உயர்ரகம். அதற்கும் நான்கு கோர்தான், 2022இல் வந்த ஐ3-12100க்கும் நான்கு கோர்தான். கேமிங்கில் பின்னதே வேகம். தலைமுறை எண்ணைப் பாருங்கள், ஐ-க்குப் பக்கத்து எண்ணை அல்ல.

இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 5600லும் இல்லை. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. இதன் மறுபக்கம் பட்ஜெட் மிகவும் குறைவானவர்களுக்கு உதவும்: ரைசன் 5 5600ஜி அல்லது 8600ஜி வாங்கினால் கார்டே இல்லாமல் வாலரன்ட், ராப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் ஆடலாம். கார்டை அடுத்த வருடம் சேர்க்கலாம். அப்படிச் செய்வதென்றால் ரேம் கட்டாயம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ரேமைத்தான் நம்பியிருக்கிறது. ஒரே ஸ்டிக் போட்டால் வேகம் வெகுவாக அடிவாங்கும்.

படி 7: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக. மாட்பேக் மைன்கிராஃப்ட், வீடியோ எடிட்டிங் என்று போகும் பிள்ளைக்கு 32 ஜிபி நல்லது. எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை). பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டும் காலத்தில் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். கேம்களை ஹார்டு டிஸ்க்கில் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். சைபர்பங்க் 2077 தன் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டது. நான்காம் தலைமுறை எஸ்எஸ்டியே போதும், ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கேமில் தெரியாது.

படி 8: எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) மட்டும் சிக்கனம் வேண்டாம்

கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அது பழுதாகும்போது தான் மட்டும் போகாது, சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும். பெயருள்ள நிறுவனத்தின் 550 முதல் 650 வாட் எஸ்எம்பிஎஸ் இங்கே சொன்ன கார்டுகளுக்குத் தாராளம். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) முத்திரை நல்லது, ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே, தரச் சான்று அல்ல. ஐந்து வருட வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்தவருக்கே அதன் மீது எவ்வளவு நம்பிக்கை என்பது அதில் தெரிந்துவிடும்.

கேபினெட்டில் முன்பக்கம் வலையாக இருக்கட்டும். கண்ணாடியால் மூடிய முன்பக்கம் அழகு, காற்று போகாது. பிராசசரோடு வரும் கூலரே போதும், லிக்விட் கூலிங் இந்த பட்ஜெட்டுக்குத் தேவையே இல்லை. விளக்குகள் பிள்ளைக்கு ஆசை என்றால் ஒரு எல்ஈடி பட்டையைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

படி 9: செகண்ட் ஹேண்டும் பழைய ஆஃபீஸ் கம்ப்யூட்டரும்

குறைந்த செலவில் அதிக வேகம் கிடைப்பது இங்கேதான். ஏமாறுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடமும் இதுதான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ரைசனில் 2000 வரிசையிலிருந்தும் பாருங்கள். அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 11இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கம்ப்யூட்டர் தொடங்கும் வசதி) இரண்டும் இயங்கினால்தான் உள்ளே விடும். லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்றால் வாலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் ஓடாது.

நிறுவனங்கள் கழித்துக்கட்டும் ஆஃபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கிராஃபிக்ஸ் கார்டு சொருகுவது பழகிய உத்தி. டவர் அளவுள்ளதையே எடுங்கள். ஒல்லியான பெட்டிகளில் பாதி உயர கார்டு மட்டுமே நுழையும். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டு இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை, கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அப்படியென்றால் ஸ்லாட் கொடுக்கும் 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டுதான் வழி. 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050க்கு இங்கேதான் பொருத்தமான இடம்.

செகண்ட் ஹேண்ட் கார்டை நேரில் போய், ஓடும் நிலையில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

- ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பெயரும் நினைவக அளவும் விளம்பரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றிப் புதிய பெயரில் விற்பவர்கள் உண்டு.
- கனமான கேம் அல்லது சோதனை மென்பொருளைக் குறைந்தது 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் கோடு, புள்ளி, நிறச் சிதறல் வந்தால் வேண்டாம்.
- ஃபேன் சத்தம், ஸ்க்ரூவில் தேய்மானம், மின் இணைப்பில் கருகல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.
- எஸ்எஸ்டி சேர்ந்து வந்தால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அதன் ஆரோக்கியத்தைப் பாருங்கள்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக பிராசசர்களில் கூடுதல் வோல்டேஜால் நிலைகுலையும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாகத் திருத்தம் வரத் தொடங்கியது. முன்பே கெட்டுப்போன பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. செகண்ட் ஹேண்டில் அவற்றைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. எஸ்எம்பிஎஸ்ஸும் செகண்ட் ஹேண்ட் வேண்டாம்.

படி 10: சேர்ந்து பூட்டுங்கள்

பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை பிசிபார்ட்பிக்கர் போன்ற தளங்களில் சரிபார்க்கலாம். முடிந்தால் பிள்ளையே பூட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஒரு மதியப் பொழுது போதும். தானே பூட்டிய மெஷினில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, அடுத்த முறை கோளாறு வரும்போது தானே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆன் செய்த முதல் நாளில் சில விஷயங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். மானிட்டர் வயர் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்வு செய்ய வேண்டும். மானிட்டர் 144 என்றாலும் விண்டோஸ் 60இலேயே நின்றுகொண்டிருக்கலாம். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்தால்தான் ரேம் தன் முழு வேகத்தில் ஓடும். கார்டு டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தே நேரடியாக இறக்குங்கள்.

படி 11: வாங்கிய பிறகு வரும் செலவு

இலவச கேம்கள்தான் பல வீடுகளில் அதிகம் செலவு வைப்பவை. ஸ்கின் (கதாபாத்திரத்தின் தோற்றம்), பேட்டில் பாஸ் (பணம் கட்டி கேமுக்குள் பரிசு பெறும் சீட்டு) என்று சிறுகச் சிறுகப் போகும். உங்கள் வங்கி கார்டு விவரத்தைக் கணக்கில் சேமிக்காதீர்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி கிஃப்ட் கார்டாகக் கொடுங்கள். ஸ்டீம் ஃபேமிலியில் ஆறு பேர் வரை சேர்ந்து பல கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம், பிள்ளையின் கணக்குக்குக் கட்டுப்பாடும் வைக்கலாம். வாங்கிய கேம் சரியாக ஓடவில்லை என்றால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாராவாரம் கேம்களை இலவசமாகத் தருகிறது. அதை மட்டுமே வைத்து ஒரு பிள்ளை வருடக்கணக்கில் ஆடலாம்.

மெஷினை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். சுவரோடு ஒட்டி, மேஜைக்குள் அடைத்து வைத்தால் சூடாகி வேகம் குறையும். சில மாதத்துக்கு ஒருமுறை ஆஃப் செய்து, தூசி வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள்.

"மெஷின் ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கணும்" என்று ஒரு நாள் பிள்ளை வந்து நிற்கும்போது, கேம் ஓடிக்கொண்டிருக்கையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் முதலில் கேமின் செட்டிங்கைக் குறைத்துப் பார்க்கலாம், அதுவும் போதவில்லை என்றால் கார்டை மாற்றலாம். கார்டு 60, 70இல் சும்மா இருக்க ஃபிரேம் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் பிராசசர்தான் திணறுகிறது. ரேம் நிரம்பி வழிந்தால் அதைக் கூட்டினாலே தீர்ந்துவிடும். எது திணறுகிறதோ அந்தப் பாகத்துக்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள்.